பத்துக்கு எட்டு

பிப்ரவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை உன் கையெழுத்தை நான் போட்டேன்.

போட்டதுகூடப் பெரிதில்லை. போட்ட இடம்தான் மானத்தை வாங்கிவிட்டது. நகராட்சி விண்ணப்பத்தில் 'இணை உரிமையாளர்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் 'அனுமதி அளிக்கும் அலுவலர்' என்று இன்னொரு கட்டம். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறவன் நான். உன் பழைய வாழ்த்து அட்டையைப் பார்த்து மூன்று நாள் பழகி, கடைசிச் சுழிப்பு முதற்கொண்டு அச்சு அசலாகக் கொண்டுவந்து, அலுவலர் கட்டத்தில் போட்டுவிட்டேன்.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க தங்கச்சி எப்ப சார் எங்களுக்கு ஆபீசரா வந்தாங்க?" வரிசையில் நின்ற பதினாலு பேருக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "பார்த்தா பெரிய மனுஷனாட்டம் இருக்காரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னாள். போலீசுக்குப் போகாமல் விட்டதே அவர் புண்ணியம். புது விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து, "இதுல அவங்களே போடட்டும். நீங்க பேனாவையே தொடாதீங்க" என்றார்.

அதுதான் இந்தக் கடிதம். போனில் நீ என்னை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரனை அடைக்க முடியாதே.

விஷயம் இதுதான். கடைத்தெருவில் இருந்த என் கடைக்கு வாடகையை இரண்டு மடங்காக்கினார்கள். காலி செய்துவிட்டு, நம் வீட்டு முன் அறையிலேயே போட்டோ பிரேம் கடையைப் போட்டு ஒரு வருடமாகிறது. தெருவில் போகிறவன் கண்ணில் படுவதால் ஏதோ ஓடுகிறது. ஆனால் மரம் அறுக்கிற தூள் சாம்பாரில் விழுகிறது; கண்ணாடிச் சில் உன் அண்ணியின் காலில் ஏறுகிறது. எனவே பின்பக்கக் காலி இடத்தில் பத்துக்கு எட்டு அளவில் ஒரு ஷெட் போட்டு, அறுப்பதையும் வெட்டுவதையும் அங்கே தள்ளிவிடலாம் என்று திட்டம். வீட்டில் பாதி உன் பெயரில் இருக்கிறது. ஆகவே கையெழுத்து முழுதாகவும், பணம் பாதியாகவும் வேண்டும்.

பட்ஜெட் இணைத்திருக்கிறேன். அஸ்திவாரம் அறுபத்திரண்டாயிரம். செங்கல், சிமெண்ட் ஒரு லட்சத்துப் பத்து. கூரைத் தகடும் இரும்பும் எழுபத்து நான்கு. கதவு ஜன்னல் முப்பத்தெட்டு. வழுக்காத டைல்ஸ் இருபத்தொன்று. குழாய், கக்கூஸ் நாற்பத்தைந்து. மின்சாரம், மணி உட்பட பதினெட்டு. சாய்தளம் ஒன்பது. கூலி எண்பத்து மூன்று. வரைபடச் செலவு சைபர். கூட்டினால் நாலு லட்சத்து அறுபது. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து ஐந்து லட்சத்து ஆறாயிரம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டைவிட்டவன் என்று சிரிக்காதே, மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை ஒரே விடை வந்தது.

அப்பா சௌக்கியம்.

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணனுக்கு,

கடிதமும் விண்ணப்பமும் பட்ஜெட்டும் கிடைத்தன. கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். மூன்று வருடமாக என் முகத்தை மறந்தவருக்கு என் சுழிப்பு ஞாபகம் இருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிற பில்களைப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது. எரிந்துபோன கடையில் இல்லாத சரக்கை எரித்தவர்கள், வெள்ளத்தில் வாங்காத பிரிட்ஜை இழந்தவர்கள் எல்லாரும் எனக்குப் பழக்கம். பத்தொன்பது வருடமாகப் பொய்யைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உங்கள் பட்ஜெட்டைப் படித்தேன். பிரேம் அடிக்கிற ஷெட்டில் கக்கூஸ் எதற்கு? வீட்டில் இருப்பது பத்தடி தூரத்தில்தானே? டைல்ஸ் ஏன் வழுக்கக் கூடாது? மரம் வழுக்கி விழுமா? மின்சாரத்தில் மணி என்று ஒன்று இருக்கிறது. அறுக்கிற மிஷினுக்கு வேண்டிய பெரிய இணைப்பு இல்லை. மிஷின் இல்லாத பட்டறை, மணி உள்ள பட்டறை. படிக்குப் பதில் சாய்தளம்.

பெரிய தொகையை எல்லாரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது சைபரைத்தான். வரைபடத்துக்குச் சைபர் என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு யார் சும்மா வரைந்து தருவார்கள்? உங்களுக்கு ஓசியில் தீப்பெட்டி தருகிற ஆள்கூட ஊரில் இல்லை.

நீங்கள் கட்டப் போவது பட்டறை இல்லை. அப்பாவைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைக்க ஓர் அறை. அதற்கு என் கையெழுத்து கிடைக்காது. பாதிப் பணமும் கிடைக்காது. எதிர்பாராத செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று. சண்டைக்கு முன்னால் என்னை 'நீ' என்பாய், 'டேய்' என்றுகூடச் சொல்லியிருக்கிறாய். இப்போது 'நீங்கள்'. இவ்வளவு மரியாதை எனக்கு வெளியாட்களிடம்கூடக் கிடைப்பதில்லை. உடம்பு கூசுகிறது.

உன் கேள்விகளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடித் தாள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போகச் சாய்தளம். டீ வேண்டுமென்றால் உன் அண்ணியைக் கூப்பிட மணி. கக்கூசுக்கு எனக்கு இருக்கிற சர்க்கரை வியாதி. எழுதி முடித்து அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "நீங்க மணி அடிச்சு நான் டீ கொண்டாரணுமா? இதை அவ நம்பினாலும் நான் நம்பமாட்டேன்" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம். அறை அப்பாவுக்குத்தான்.

ஜனவரியில் மாடிப்படியில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருவாய், வந்தால் எத்தனையாவது படி, விளக்கு எரிந்ததா, யார் பக்கத்தில் இருந்தது என்று விசாரணை நடத்துவாய். எனக்குத் தெம்பில்லை. அப்பாவும் உன்னிடம் சொல்லவில்லை, கவனித்தாயா? மாதத்தின் முதல் ஞாயிறு நீ போன் செய்து "சௌக்கியமாப்பா?" என்கிறாய், அவர் "ம்" என்கிறார். ஜனவரியிலும் அதே 'ம்'தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன 'ம்'.

இனி அவருக்கு மாடி கிடையாது. கீழே முன் அறையில் கடை. மிச்சம் இருப்பது சாப்பாட்டு அறை. அவருடைய இரட்டைக் கட்டிலை அங்கே போட்டிருக்கிறோம். ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். அம்மா படுத்த கட்டில், வேறெதிலும் படுக்கமாட்டார். அதன் கால் இடிப்பதால் பிரிட்ஜ் பாதிதான் திறக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக மேல்தட்டில் என்ன இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. அவர் தூங்கும்போது நாங்கள் சாப்பிடுகிறோம், நாங்கள் பேசும்போது அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அவரைத் தூக்கித் தூக்கி உன் அண்ணிக்கு முதுகு போய்விட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு சமைக்கிறாள். சக்கர நாற்காலி வாங்கினோம். அது சமையலறை வாசலில் மாட்டிக்கொண்டால் அன்றைக்குச் சமையல் இல்லை.

கொல்லைப்புறம் என்று நீ எழுதினால் ஏதோ மாட்டைக் கட்டுகிற மாதிரி இருக்கிறது. வெயில் வரும், காற்று வரும், தனிக் கக்கூஸ்.

இல்லையென்றால் நீ கூட்டிக்கொண்டு போ. உன் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, தெரியும். அதனால்தானே எழுதுகிறேன். நீ வருடத்துக்கு ஒரு பார்சல் அனுப்புகிறாய், பாதாமும் கால் வலித் தைலமும். அம்மா போனபோது ஒரு நாள் தாமதமாக வந்தாய். அன்று நான் எல்லார் முன்னாலும், "பில்லெல்லாம் சரிபார்த்துட்டு வந்தியா?" என்று கேட்டது தப்புதான். அதற்கு மூன்று வருடம் தண்டனை அனுபவித்துவிட்டேன். அப்பாவுக்கு எதற்கு?

அண்ணன்

மார்ச் 14

அண்ணனுக்கு,

இடுப்பு எலும்பு. பதினோரு நாள். இதை எழுத உங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவும் கையெழுத்து தேவைப்பட்டதால்.

நான் அழுதேன் என்று எழுதினால் அதை வைத்தும் ஒரு ஜோக் எழுதுவீர்கள். எனவே எழுதவில்லை.

உங்கள் பட்ஜெட்டைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். கக்கூஸ், மணி, சாய்தளம், டைல்ஸ் நான்கையும் அடித்துவிட்டேன். மிஷினுக்கு வேண்டிய மின் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். இது பட்டறைக்கான பட்ஜெட். நீங்கள் முதலில் கேட்டது அதைத்தானே? கடை முழுவதும் பின்னால் போகட்டும். அப்பா முன் அறைக்கு வரட்டும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கட்டும். நாற்பது வருடம் வேலைக்குப் போய்க் கட்டிய வீட்டில் முன் அறை அவருக்கு, பிரேம்களுக்கு இல்லை. பிரேம்களுக்கு இடுப்பு வலிக்காது.

இதற்கென்றால் கையெழுத்துப் போடுகிறேன். பாதிப் பணமும் தருகிறேன்.

திருத்திய தாளின் மேலே ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன்: 'பத்துக்கு எட்டு: உள்ளளவா, வெளியளவா? எழுதவும்.' வரைபடம் போடுகிற ஒரு டிராப்ட்ஸ்மேன் வீட்டில் பிறந்துவிட்டு இதை எழுதாமல் எப்படி விட்டீர்கள்? அப்பா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வெளியளவைப் போட்டுவிட்டான் என்று ஒரு வாரம் வீட்டில் புலம்பினார், ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக் காட்டுவார். "மனுஷன் சுவருக்கு உள்ளதான இருக்கான்? அளவு உள்ள இருந்துதான் ஆரம்பிக்கணும்." ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி போய்விடும் என்று எட்டு வயதில் நான் ஒப்பித்திருக்கிறேன். மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

தங்கை

மார்ச் 21

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேட வேண்டாம்.

கடை பின்னால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிட்டாய். தெருவில் போகிறவன் முன் அறை ஜன்னலில் தொங்குகிற பிரேமைப் பார்த்து உள்ளே வருகிறான். கொல்லைப்புறத்துக்கு யார் வருவார்கள்? பக்கத்து வீட்டுக் கோழி வரும். கோழி போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. (இது ஜோக் இல்லை, வருமானக் கணக்கு.) அந்த அறையில்தான் எங்கள் அரிசி இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அதுவல்ல. வரைபடத்துக்குச் சைபர் போட்டது யார் ஓசியில் வரைந்ததற்காக என்று கேட்டாயே, சொல்கிறேன். அப்பா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் கட்டத்தாளும் பென்சிலும் கேட்டார். பொழுது போகாமல் கேட்கிறார் என்று வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது நாள் வரைந்தார். கை நடுங்குகிறது; ஸ்கேலை அசையாமல் பிடித்துக்கொள்ள உன் அண்ணி பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. சாய்தளம் எவ்வளவு சாய வேண்டும், கக்கூசில் கைப்பிடி எந்த உயரத்தில், மணிக்கு ஒயர் எந்தச் சுவர் வழியாக என்று ஒன்று விடாமல் அவரே போட்டார். முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளி, அம்மா போன பிறகு முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "எனக்குப் பின்னால ஒரு ரூம் போட்டுடு. முன் ரூம் உனக்குக் கடைக்கு வேணும்."

நான் மறுத்தேனா என்று கேட்காதே. மறுத்திருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். "சரிப்பா" என்றேன்.

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. சிவப்புத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வாடிக்கையாளர் வந்தார் என்று முன்னால் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேஜைக்கும் அவர் கட்டிலுக்கும் ஒரு சாண் இடைவெளி. திரும்பி வரும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அவர் போட்ட சாய்தளத்தின் மேல் உன் சிவப்புக் கோடு. அவர் போட்ட மணியின் மேல் உன் சிவப்புக் கோடு. மடித்து என்னிடம் கொடுத்தார்.

"தங்கச்சி கோவத்துல அடிச்சிருக்காப்பா. நீங்க வரைஞ்சதுன்னு அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"ம்" என்றார்.

மறுநாள் காலையில் வரைபடத்தைக் கேட்டார். கொடுத்தேன். அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மகள் வேண்டாம் என்று அடித்ததை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார், என் கோபத்தில் உன்னை 'அவர் மகள்' என்று எழுதிவிட்டேன்; நீ இப்போது எனக்குத் தங்கையாகத் தெரியவில்லை.

மணி வேண்டாம் என்று நீயே அவரிடம் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் மூன்று தடவை அதை நம்பவில்லை.

என் கையெழுத்தை மூன்று நாள் பழகிப் போட்டவர் அப்பாவுடைய வாக்கியத்தை ஒரே நாளில் போட்டிருக்கலாம். 'முன் ரூம் உனக்குக் கடைக்கு வேணும்.' அப்பா பேசுகிற மாதிரியே இருக்கிறது. போலியாக வருகிற பில்கள் எல்லாமே அசலை விட அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் ஸ்கேலை அண்ணி பிடித்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்கிறவர்கள் அந்த மாதிரி விவரத்தை யோசிப்பதில்லை. அந்த ஒரு வரிக்காகக் கையெழுத்துப் போடுகிறேன்.

விண்ணப்பம் இணைத்திருக்கிறேன், சரியான கட்டத்தில் போட்டு. கக்கூஸ், மணி, சாய்தளம், டைல்ஸ் எல்லாமே இருக்கட்டும். பாதித் தொகைக்குச் செக் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். உங்கள் மாப்பிள்ளைக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வராததற்கு மூன்றாம் மாடி மட்டும் காரணமில்லை; இதை நீங்கள் இப்போதுதான் தெரிந்துகொள்கிறீர்கள். நீங்களும் இடுப்பு எலும்பைச் சொல்லவில்லை. சரிக்குச் சரி.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "அப்பா, அந்தச் சிவப்பு மை..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, 'ம்' கூட. பின்னால் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

அறை முடிந்ததும் வரைபடத்தின் அசலை எனக்கு அனுப்புங்கள். நான் பார்க்க வேண்டும்.

தங்கை

ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

அறை முடிந்தது. பட்ஜெட்டும் முடிந்தது. ஐந்து லட்சத்து ஆறாயிரம் போட்டேன். ஐந்து லட்சத்து எண்பத்தோராயிரத்தில் நின்றது. மிச்சம் எதற்குப் போயிற்று என்று உனக்குக் கணக்கு அனுப்பமாட்டேன். சிவப்பு மையைப் பார்த்தால் எனக்கு இப்போது படபடப்பு வருகிறது.

கொத்தனாருக்கு எங்கள் வீட்டில் ரசமட்டம் என்று பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆனால் அவர் தலை பிறவியிலேயே இடது பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் நேரான சுவரைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வரும். நல்ல மனுஷன். வாயைத் திறந்தால் ஒரே பதில்: "படத்துல என்ன போட்டிருக்கோ அதான் சார்." ஜன்னல் ஏன் இவ்வளவு உயரம் என்றால், படத்துல என்ன போட்டிருக்கோ அதான். ஏன் நேற்று வரவில்லை என்றாலும் கிட்டத்தட்ட அதேதான்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவை மாற்றுவதாக ஏற்பாடு. நாலு பேர் சேர்ந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் குறுக்கே போட்டுப் பார்த்தோம்: கால் பக்கம் சுவரில் இடித்து நின்றது. நீளவாக்கில் போட்டோம்: போயிற்று. ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி. ஒரு மனிதன் பக்கவாட்டில் நண்டு மாதிரி போகலாம். சக்கர நாற்காலி வாசலிலேயே நின்றது. பத்துக்கு எட்டு அறை எப்படி இவ்வளவு சின்னது என்று டேப் போட்டேன். எட்டரைக்கு ஆறரை. பத்துக்கு எட்டு இருந்தது, சுவருக்கு வெளியே.

நான் பிரேம்காரன். இருபத்தாறு வருடமாக ஒருவன் பத்துக்கு எட்டு என்று கேட்டால் உள்ளளவைத்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். போட்டோ உள்ளேதானே இருக்கிறது? அந்த நான், மூன்று மாதம் தினமும் அந்தச் சுவர் முன்னால் நின்று டீ குடித்த நான், அது ஒன்றரை அடி குறைவதைப் பார்க்கவில்லை. நீ அன்றைக்கே கேட்டாய், உள்ளளவா வெளியளவா என்று. நான் பதில் எழுதவில்லை. அப்பா போட்ட படம், உள்ளளவாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. இதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே.

கொத்தனாரைப் பிடித்துக் கத்தினேன். அவர் படத்தை நீட்டி, "படத்துல என்ன போட்டிருக்கோ அதான் சார். நல்லாப் பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கொத்தனாரிடம் பாடம் படிக்க வேண்டுமா?

சின்னக் கட்டில் வாங்கலாம் என்றாள் உன் அண்ணி. அப்பா சாய்தளத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கட்டில்தான்" என்றார்.

கட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம். சாப்பாட்டு அறையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. உன் அண்ணியும் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே நீ ஜெயித்தாய். அப்பா முன் அறையில். நானும் என் பிரேம்களும் பின்னால். கக்கூசில் கைப்பிடி வைத்த பிரேம் கடை இந்த ஊரிலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வாரம் வந்தது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் வழி தவறி வந்தவர். தெருவிலிருந்து யாராவது முன் அறையில் எட்டிப் பார்த்து "பிரேம் கடை?" என்று கேட்டால் அப்பா ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பி "ம்" என்கிறார். அதற்கு 'பின்னால்' என்று அர்த்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? போய்விடுகிறார்கள். கடைத்தெருவில் ஒருவனிடம் சம்பளத்துக்குக் கண்ணாடி வெட்டப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன். நான் வேலை கற்றுக்கொடுத்தவனிடம்தான். அவன் ரொம்ப மரியாதையாக, "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றான்.

மணி வேலை செய்கிறது. நேற்று டீ வேண்டும் என்று அடித்தேன். சமையலறையில் அழகாக ஒலித்தது. யாரும் வரவில்லை. முன் அறையிலிருந்து அப்பா சிரித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

நீ கேட்டபடி வரைபடத்தின் அசல் இத்துடன். போலி இல்லை, நடுக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

அண்ணன்

ஜூலை 9

அண்ணா,

வரைபடம் வந்தது. உன்னை நம்பாததற்கு மன்னித்துக்கொள். கோடு அப்பாவுடையதுதான். கைப்பிடியைச் சுற்றி மட்டும் மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் படி.

நான் எதையும் ஜெயிக்கவில்லை. உன் கடையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்காக நான் வருகிறேன் என்று அர்த்தமில்லை. டிக்கெட்டுக்குக் காசு இல்லை. இருந்தாலும் அம்மா காரியத்தில் நீ சொன்னது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்தச் சுவர் உன் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொத்தனாரும் பொய் சொல்லவில்லை.

வரைபடத்தின் அடியில், இடது மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் பென்சில், இது மட்டும் பேனா. நான் அந்தச் சிவப்புத் தாளில் கேட்டிருந்த கேள்விக்குப் பதில்: 'அளவுகள் அனைத்தும் சுவரின் வெளிப்புறம்.' அப்பாவின் எழுத்து. பக்கத்தில் அவருடைய சுருக்கக் கையெழுத்தும், ஆபீஸ் வழக்கப்படி தேதியும் இருக்கின்றன.

மார்ச் 18. என் சிவப்புத் தாளைப் படித்த மறுநாள்.

தங்கை